பின்னாடி வண்டி வருது

அந்த டவுன் பஸ் கண்டக்டருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடும் இடத்தைத் தவிர வேறு எங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஊரே அவரைப் பின்வண்டி என்றுதான் சொல்லும். கோபம் வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் சொல்வாள்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. பஸ் நிரம்பி வழியும். ஸ்டாப்பில் இன்னும் ஒரு கூட்டம் முண்டியடிக்கும். இவர் படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, "பின்னாடி காலி வண்டி வருது, அதுல வாங்க" என்பார். இரண்டு விசில் கொடுப்பார். பஸ் போய்விடும். பின்னால் எந்த வண்டியும் வராது. எப்போதாவது வந்தாலும் அது இதைவிடப் பிதுங்கிக்கொண்டு வரும். இதைப் பொய் என்று சொன்னால் உலகத்துக் கண்டக்டர்கள் அத்தனை பேரும் சண்டைக்கு வருவார்கள். தொழிலில் இதற்குப் பெயர் சமாளிப்பு. ஏற முடியாதவனிடம் 'உனக்கு இடமில்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல் இருக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

ஏமாந்தவர்களும் விடுவதில்லை. மறுநாள் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார்கள்.

"அண்ணே, நேத்து சொன்ன வண்டிக்கு இன்னும் அங்கேயே நிக்கிறேன்."

"பஞ்சராம்பா. ஒட்டிக்கிட்டு இருக்காங்க. வந்துடும்."

பஸ்ஸே சிரிக்கும். வீட்டிலும் இதே கதைதான். மகள் சைக்கிள் கேட்டாள். "பின்னாடி வருது" என்றார். அவள் நடந்தே பள்ளிக்கூடத்தை முடித்து, காலேஜையும் முடித்து, கல்யாணமாகிப் போய்விட்டாள். சைக்கிள் வரவில்லை. "இந்த மனுஷனை நம்பினா கட்டையில போற வரைக்கும் ஸ்டாப்புலதான் நிக்கணும்" என்பாள் பெண்டாட்டி. அதில் பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

ஆனால் ஆள் கெட்டவர் இல்லை. வயசானவர்கள் ஏறும்போது இறங்கிக் கை கொடுப்பார். சாமான் கட்டுவதில் கெட்டிக்காரர். தன் சீட்டுக்கு அடியில் நைலான் கயிறு ஒரு சுருள் எப்போதும் வைத்திருப்பார். பஸ்ஸின் மேல் அவர் கட்டிய மூட்டை ஒன்றுகூட அவிழ்ந்து விழுந்தது கிடையாது. "நான் போட்ட முடிச்சை நானே நினைச்சாத்தான் அவுக்கலாம்" என்று பீற்றிக்கொள்வார். பீற்றிக்கொள்ள வேறு எதுவும் இல்லாத மனுஷன், அதனால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

டிரைவரும் அவரும் வருஷக்கணக்காக ஒரே வண்டி. கொண்டான் கொடுத்தான் எதுவும் கிடையாது, இருந்தாலும் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். டிரைவர் கொஞ்சம் சிடுமூஞ்சி. எப்போதோ ஒரு முறை, டயருக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டி மேல் வண்டியை ஏற்றிவிட்டார். அதிலிருந்து வண்டியை எடுப்பதற்கு முன்னால் இறங்கி, குனிந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். யார் அவசரப்படுத்தினாலும் காதில் வாங்கமாட்டார்.

தடத்தின் கடைசி ஸ்டாப் ஆற்றங்கரை ஓரம். அங்கே ஒரு தையல் கடை இருந்ததால் அதற்குத் தையல்கடை ஸ்டாப் என்றே பெயர். கடை என்றால் ஒரு மெஷின், ஒரு பெஞ்ச், ஒரு பல்பு. பின்பக்கம் ஒரு அறை. தையல்காரம்மா அந்த அறையில் தனியாக இருந்தார். தனியாக என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பட்டன் இருந்தது. வெள்ளை நாய், முதுகில் வட்டமாக ஒரு கறுப்புப் புள்ளி. யாரோ கறுப்பு நூலில் வைத்துத் தைத்த பொத்தான் மாதிரி இருக்கும். அதனால்தான் பட்டன்.

பட்டனுக்கு ஒரு வேலை இருந்தது. பஸ் கிளம்பினால் அதன் பின்னாலேயே குரைத்துக்கொண்டு வளைவு வரைக்கும் ஓடிவரும். ஏதோ தான்தான் பஸ்ஸை விரட்டிவிட்ட பெருமையோடு வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகும். "அண்ணே, நீங்க சொன்ன பின்னாடி வண்டி இதுதானா" என்று கேட்காத பயணி இல்லை. பின்வண்டியும் சிரிப்பார். வரும்போது அதற்கென்று ஒரு பன் வாங்கி வந்து வீசுவார். டிரைவர்தான், "என்னைக்காவது ஒருநாள் அது டயருக்குள்ள வரப்போகுது பாரு" என்று முனகிக்கொண்டே இருப்பார்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. மேலே அணை நிரம்பிவிட்டது, திறக்கப் போகிறார்கள், ஆற்றோரம் இருப்பவர்களை எல்லாம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று டெப்போவுக்கு உத்தரவு வந்தது. டெப்போ மேனேஜர் போனில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே பாட்டைப் பாடினார். "மனுஷங்க மட்டும். நாய், பூனை, ஆடு எதையும் ஏத்தக் கூடாது. பள்ளிக்கூடத்துல இடம் கிடையாது. ஏத்தினா உங்க பொறுப்பு."

கடைசி நடையில் தையல்கடை ஸ்டாப்புக்கு வந்தபோது நிழற்குடைக்குள் அந்தத் தெருவே நின்றது. மூட்டைகள், குழந்தைகள், பாத்திரங்கள். கூடவே நாய்கள். ரிட்டையரான தபால்காரர் தன் உயரமான செவலை நாயைச் சங்கிலியில் பிடித்திருந்தார். இன்னும் சிலரும் ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள். தையல்காரம்மாவின் கையில் மூட்டை எதுவும் இல்லை, பட்டன் மட்டும் இருந்தது.

"மனுஷங்க மட்டும் ஏறுங்க" என்றார் பின்வண்டி.

நாயைப் பிடித்திருந்தவர்கள் அசையவில்லை. தபால்காரர் சங்கிலியைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார்.

"நீங்க போங்க தம்பி" என்றார் தையல்காரம்மா. "நான் வரல. இதை விட்டுட்டு நான் எங்க வர்றது?"

"அக்கா, அணையைத் திறக்கப் போறாங்க. இது விளையாட்டு இல்ல."

"நானும் விளையாடல."

அவர் வரவில்லை என்றதும் தபால்காரரும் பின்வாங்கினார். இன்னும் இரண்டு மூன்று பேர் பஸ்ஸின் படியிலிருந்து காலை எடுத்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்தினார். மழை வலுத்தது. இவர்களை ஏற்றாமல் போனால் நாளைக்கு இவர்களின் முகத்தை எங்கே பார்ப்பது? அப்போது அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அது வந்திருக்காது. பழகிய வாய், தானாகத் திறந்தது.

"நாய்ங்களுக்குன்னு தனியா பின்னாடி வண்டி வருதுக்கா. அதுல ஏத்திக் கொண்டுவந்துடுவாங்க."

இத்தனை வருஷமும் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அவர்கள். காது புளித்துப்போனவர்கள். அன்றைக்கு ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. பஞ்சரா என்று யாரும் கேட்கவில்லை. அவர் வாயையே பார்த்தார்கள். நம்புவதற்கு அவர்களுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, அவர் கொடுத்துவிட்டார்.

"நிஜமாவா?" என்றார் தபால்காரர்.

"கிளம்பிடுச்சு சார். நமக்குப் பின்னாடியே வருது."

தையல்காரம்மா அவரை ரொம்ப நேரம் பார்த்தார். "சரி தம்பி" என்றார்.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். "எல்லாத்தையும் கட்டிப் போடச் சொல்லு மச்சான். அவுத்து விட்டா டயருக்குள்ள வந்து விழும். நான் வண்டியை எடுக்க மாட்டேன்."

கட்டினார்கள். நிழற்குடையின் இரும்புக் குழாயில் வரிசையாகக் கட்டினார்கள். சங்கிலி இருந்தவர்கள் சங்கிலியால், இல்லாதவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு. தையல்காரம்மா கடைக்குள் போய் ஒரு பழைய துணிக் கிழிசலை எடுத்து வந்து பட்டனைக் கட்டினார். அதன் தலையைத் தடவினார். முதுகில் இருந்த கறுப்புப் புள்ளியையும் தடவினார். ஏறி, கடைசி ஜன்னலோரம் போய் நின்றார். உட்கார இடமில்லை. கடைசி சீட்டில் யாரோ டிவியைக் கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். மனுஷர்கள் மட்டும் என்ற உத்தரவில் டிவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டிரைவர் இறங்கி, குனிந்து, நாலு டயரையும் பார்த்தார். இரண்டு விசில். பஸ் நகர்ந்தது. வளைவுக்குப் போவதற்குள் பின்னால் குரைப்புச் சத்தம். வழக்கம்போல பட்டன். துணி அறுந்து கழுத்தில் ஒரு துண்டு தொங்கியது. டிரைவர் சடாரென்று பிரேக் அடித்தார்.

"நான் சொன்னேனா இல்லையா? போய்க் கட்டிட்டு வா. இல்லேன்னா இங்கேயே நிக்கும் வண்டி."

பின்வண்டி நைலான் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். நாய் அவர் மேல் தாவிக் கையை நக்கியது. பன் என்று நினைத்திருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போய், குழாயோடு சேர்த்து, மூட்டைக்குப் போடும் அதே முடிச்சைப் போட்டார். குட்டையாக, நெருக்கிக் கட்டினார், தாண்டிக் குதிக்காமல் இருக்கட்டும் என்று. ஓடி வந்து ஏறும்போது பின் கண்ணாடி வழியாகத் தையல்காரம்மா கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நாய்க்கு டாட்டா காட்டுகிறார் பாவம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வகுப்பறைகளுக்குப் போனார்கள். தையல்காரம்மா கேட் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒவ்வொரு வண்டி வரும்போதும் எழுந்து பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். பின்வண்டியால் அதைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்க முடியவில்லை. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, முகாமுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போனார்.

"சார், தையல்கடை ஸ்டாப்புல நாய்ங்க நிக்குது. அதுக்கு ஒரு வண்டி வேணும்."

"நாய்க்கு வண்டியா? யாரு சொன்னா?"

"நான்தான் சார் சொன்னேன்."

"அப்ப நீங்களே அனுப்புங்க." அதிகாரி போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. அவருக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை.

டிரைவரிடம் வந்தார். "மச்சான், ஒரே ஒரு நடை. போய் அவுத்து விட்டுட்டாவது வந்துடலாம்."

"வண்டியை இங்கிருந்து எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. எடுத்தா வேலை போகும். அங்க தண்ணி வந்தா உசுரும் போகும்."

"வண்டி வரும்னு சொல்லிட்டேன்டா."

"எத்தனை வருஷமா சொல்ற? ஒரு நாளாவது வந்துச்சா?"

பின்வண்டி மழையில் இறங்கி நடந்தார். கேட்டைத் தாண்டும்போது தையல்காரம்மா எழுந்து நின்றார்.

"வண்டி கிளம்பிடுச்சா தம்பி?"

கிளம்பவில்லை, அப்படி ஒரு வண்டியே கிடையாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் இந்த மழையில் நடந்தே ஆற்றங்கரைக்குப் போய்விடுவார், போனால் திரும்பமாட்டார் என்று பயந்தார். அது உண்மைதான். ஆனால் அது மட்டுமே உண்மை இல்லை. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை என்பதும் உண்மை.

"கிளம்பிடுச்சுக்கா. நானும் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

எதிரே வந்த பால் வேனை மறித்து ஏறினார். வேன் சந்தை வரைக்கும்தான். அங்கிருந்து நடந்தார், ஓடினார், மறுபடி நடந்தார். செருப்பு சேற்றில் போயிற்று. வாய்க்கால் பாலத்துக்கு வந்தபோது பாலம் இல்லை. பாலம் இருந்த இடத்தின் மேல் பழுப்புத் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. இரண்டு போலீஸ்காரர்கள் கயிறு கட்டி மறித்து நின்றார்கள்.

"அந்தப் பக்கம் யாராவது மாட்டிக்கிட்டாங்களா?" என்று கேட்டார் ஒருவர்.

"நாய்ங்க" என்றார் பின்வண்டி. "கட்டிப் போட்டிருக்கு."

போலீஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுக்குப் போய்யா" என்றார். கொஞ்சம் அன்பாகத்தான் சொன்னார்.

அப்போதுதான் காதில் விழுந்தது. மழைக்கும் தண்ணீர் இரைச்சலுக்கும் நடுவில், வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து குரைப்பு. ஒன்று இல்லை, எல்லாமும். பின்வண்டி சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். ஏன் ஊதினார் என்று அவருக்கே தெரியாது. 'இருக்கிறேன்' என்று சொல்ல வேறு வழி இல்லை. விசில் கேட்டதும் அந்தப் பக்கம் குரைப்பு இரண்டு மடங்கானது. அவற்றுக்கு விசில் தெரியும். விசில் என்றால் பஸ். பஸ் வந்துவிட்டது என்று நினைத்துக் குரைத்தன.

மறுபடி ஊதினார். மறுபடி குரைத்தன. போலீஸ்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொழுது சாயச் சாயக் குரைப்பு மெலிந்தது. ஒவ்வொரு குரலாகக் குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு குரல் மட்டும், விட்டு விட்டு. அது எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸை விரட்டும்போது குரைக்கும் அதே கீச்சுக் குரல். அது விசிலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. அப்புறம் சொல்லவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் ஊதினார். ஒரு போலீஸ்காரர் வந்து விசிலை அவர் வாயிலிருந்து எடுத்து, அவர் கையிலேயே வைத்தார்.

மறுநாள் காலையில் மீட்புப் படகு ஒன்று அந்தப் பக்கம் போனபோது கெஞ்சிக் கூத்தாடி ஏறிக்கொண்டார். தண்ணீர் நிழற்குடையின் பாதிவரை நின்றது. தபால்காரரின் செவலை நாய் சிமெண்ட் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தது. உயரமான நாய். நீளமான சங்கிலி. கழுத்துவரை தண்ணீர், ஆனால் உயிர் இருந்தது. படகைப் பார்த்துக் குரைக்கவில்லை. நடுங்கிக்கொண்டே நின்றது. இன்னொன்று கட்டிய கயிற்றைக் கடித்துவிட்டு எங்கோ போயிருந்தது. மற்றவை கட்டிய இடத்தில் இருந்தன.

பட்டன் தண்ணீருக்கு அடியில் இருந்தது. பெஞ்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான். கயிறு இன்னும் ஒரு முழம் நீளமாக இருந்திருந்தால் ஏறி நின்றிருக்கும். பின்வண்டி தண்ணீரில் இறங்கி, மூச்சைப் பிடித்துக் குனிந்து, முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஊறி இறுகிவிட்டது. நகம் பெயர்ந்தது. அவிழவில்லை. படகுக்காரர் கத்தியைக் கொடுத்தார்.

அதை மேட்டில் புதைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். தையல்காரம்மா கேட்டில் நின்றார். தபால்காரர் தன் நாயைக் கட்டிப்பிடித்து அழுவதைப் பார்த்தார். பிறகு பின்வண்டியின் கைகளைப் பார்த்தார். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. விரல்களில் ரத்தம் இருந்தது.

"வண்டி வரலைக்கா" என்றார் பின்வண்டி. "அப்படி வண்டியே இல்ல. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார் தையல்காரம்மா. உள்ளே போய்விட்டார்.

தண்ணீர் வடிந்தது. பஸ் மறுபடி ஓடியது. எல்லாரையும் போல அவரும் வேலைக்குப் போனார். வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் ஒரு மாற்றம். ஸ்டாப்பில் கூட்டம் முண்டியடித்தால், "பின்னாடி வண்டி எதுவும் கிடையாது, நெருக்கிக்கிட்டு ஏறுங்க" என்பார். ஒருத்தரையும் விடமாட்டார். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும். "குடை சாயப் போகுது மச்சான்" என்று டிரைவர் வாய்விட்டுத் திட்டுவார். பெயர் மட்டும் மாறவில்லை, பின்வண்டிதான். அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள்தான் இல்லை.

தையல்காரம்மா மெஷினைத் துடைத்துத் துருவெடுத்து மறுபடி உட்கார்ந்தார். நூல் வாங்க எப்போதாவது டவுனுக்குப் போவார். ஏறுவார், சரியான சில்லறையை நீட்டுவார், டிக்கெட்டை வாங்கிக்கொள்வார். பேச்சு கிடையாது. பின்வண்டிக்கு அவர் ஏறும் நாளெல்லாம், திட்டினால் தேவலை என்றிருக்கும்.

ஒருநாள் கூட்டம் இல்லை. தையல்கடை ஸ்டாப்பில் அவர் ஒருவர்தான் இறங்க வேண்டும். படியில் நின்ற பின்வண்டி, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என்னை மன்னிச்சுடுங்கக்கா. நான் அந்தப் பொய்யைச் சொல்லாம இருந்திருந்தா..."

"சொல்லாம இருந்திருந்தா நானும் செத்திருப்பேன்" என்றார் தையல்காரம்மா. "அதுக்கு நான் உங்களைக் குத்தம் சொல்லல. அத்தனை வருஷம் உங்க பஸ்ல வந்தவ நான். பின்னாடி வண்டி வராதுன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு உசுர் மேல ஆசை வந்துடுச்சு. ஏறிட்டேன். அது என் பாவம். அப்புறம் கேட்டுல நின்னு வண்டியைத் தேடினது, மனசு கேக்காம."

பின்வண்டி அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தார்.

"அதனாலதான் தேடிப் பார்த்து இத்துப்போன துணியா எடுத்துக் கட்டினேன். இழுத்தா அறுந்துடணும். நாங்க போனதும் அது எங்கேயாவது ஓடித் தப்பிச்சுக்கட்டும்னு. அறுத்துக்கிட்டும் வந்துச்சு. நீங்க கயித்தை எடுத்துக்கிட்டு இறங்கினீங்க. கட்டாதீங்க, கட்டாதீங்கன்னு கண்ணாடியில அடிச்சேன். கையை ஆட்டினேன். நீங்க என்னைப் பார்த்தீங்க தம்பி. பார்த்துட்டுத்தான் ஏறினீங்க."

அவர் இறங்கிக் கடைக்குப் போனார். பல்பு எரிந்தது. மெஷின் ஓடத் தொடங்கியது. டிரைவர் இறங்கி, குனிந்து, நாலு டயரையும் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். விசிலுக்குக் காத்திருந்தார். வரவில்லை. கண்ணாடியில் பார்த்தார். பின்வண்டி படியில் அப்படியே நின்றிருந்தார், விசில் வாயில்தான் இருந்தது.